பூக்கேட்டுச் சேர்ந்த படிப்பு

வாங்க, உக்காருங்க. ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க, நாளையில இருந்து அதுவும் கெடைக்காது. உங்களையெல்லாம் சேர்க்கை மேசைக்குப் போட்டிருக்காங்களாம். இப்ப இருக்கற பிரின்சிபால் போன்ல கூப்பிட்டு, "மேடம், அந்த மேசையில பல வருசம் உக்காந்தவங்க நீங்க. புதுசா வந்தவங்களுக்குத் தெகிரியமா ரெண்டு வார்த்தை சொல்லுங்க"ன்னாரு. தெகிரியம் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லீங்க. இருக்கறதச் சொல்லிப்போடறேன், அப்பறம் உங்க பாடு.

நான் தாவரவியல்காரி. வகுப்புல தப்பாச் சொல்லிட்டா அடுத்த நாள் வந்து, "நேத்துச் சொன்னது தப்புங்க கண்ணு, அழிச்சுட்டு எழுதிக்குங்க"ன்னு சொல்லிக்கலாம். சேர்க்கை மேசையில அப்படி அழிச்சு எழுத முடியாது. அங்க ஒரு வார்த்தை தப்பா உட்டா ஒரு புள்ளையோட மூணு வருசம் போயிரும். சமயத்துல அதுக்கு மேலயும் போகும்.

மொதல்ல வாசல்ல கட்டியிருக்கற பேனரைப் பாருங்க. பி.காம்.லயே எத்தனை தினுசு! வெறும் பி.காம்., கம்ப்யூட்டரோட ஒண்ணு, ஐ.டி.யோட ஒண்ணு, பேங்கிங்கோட ஒண்ணு, கணக்குத் தணிக்கையோட ஒண்ணு. அதுக்கப்பறம் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, காஸ்ட்யூம் டிசைன், கேட்டரிங், விஸ்காம், சைக்காலஜி. எல்லாம் பெரிய எழுத்துல மின்னுது. கடைசியில, பேனரைக் கயித்துல இழுத்துக் கட்டுன மடிப்புல, பொடி எழுத்துல கணிதம், இயற்பியல், வரலாறு, தமிழ், தாவரவியல்.

ஒருக்கா போத்தனூர்ல இருந்து ரயில்வேயில ரிட்டையர் ஆன ஒருத்தரு மகனைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கண்ணாடியை மாட்டிப் பட்டியல் பூராவும் படிச்சுப்போட்டு, "ஏனுங் மேடம், எல்லாத்துக்கும் முன்னால பி.காம்.னுதான் போட்டிருக்குது. உள்ளார என்ன வித்தியாசமுங்?"னு கேட்டாரு. எனக்குத் தெரியலே. பக்கத்துல உக்காந்திருந்த காமர்ஸ் சாரைப் பாத்தேன். அவரு குனிஞ்சு, "பாதிக்கு மேல ஒரே பாடந்தானுங் மேடம், பேருதான் வேற"ன்னு மெதுவாச் சொன்னாரு. ரயில்வேக்காரரு காதுல அது உழுந்துபோச்சு. "அப்ப எந்தப் பேருக்குங்க வேலை கெடைக்கும்?"னாரு. மூணு பேரும் சிரிச்சுப்போட்டோம். அன்னிக்குச் சிரிச்சேன். இப்ப அந்தப் பேனரைப் பாத்தா வவுறு எரியுது.

ஏன்னு சொல்றேன். கடைசி வரியில பொடி எழுத்துல இருக்கற படிப்பெல்லாம் எதுக்கு இருக்குதுன்னு நெனைக்கறீங்க? தரம் பாக்கறதுக்கு ஒரு குழு வருமல்ல, அவங்க, "என்னென்ன படிப்பு வெச்சிருக்கீங்க?"ன்னு கேப்பாங்க. அதுக்குக் காட்ட வேணும். கல்யாணப் பந்தியில எலை ஓரத்துல ஊறுகாய் வெக்கற மாதிரி. இருக்கோணும், ஆரும் தின்னோணும்னு இல்லே. அதுல சேர வர்ற புள்ளைகளையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. சேத்துக்குவாங்க. வகுப்பு தொடங்குன பின்னால, "இந்தப் படிப்பு இந்த வருசம் ஓடாது"ன்னு சொல்லி, எங்க எடம் காலியா இருக்குதோ அங்க கொண்டுபோய்த் தள்ளுவாங்க. வகுப்பு நடந்தா 'ஓடுது', நடக்காட்டி 'ஓடாது'. இந்தச் சொல்லை நீங்களும் சீக்கிரத்துல கத்துக்குவீங்க.

நான் ரிட்டையர் ஆகற வருசம் அது. அப்ப பிரின்சிபாலா இருந்தவரு வேற. சேர்க்கை தொடங்கறதுக்கு முன்னாலயே அவரு அறைக்குப் போயி, "சார், தாவரவியல் ஓடுமுங்களா? மேசையில நாந்தான் உக்காரப் போறேன், கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லோணும்"னேன். "என்னங் மேடம் இப்படிக் கேக்கறீங்க, நீங்க ரிட்டையர் ஆகற வருசம், கண்டிசனா ஓட்டறோம்"னாரு. நல்ல மனுசந்தான். அதைச் சொன்னப்ப மனசாரத்தான் சொன்னாருன்னு இன்னிக்கும் நம்பறேன்.

மூணாம் நாளோ நாலாம் நாளோ, தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்துது. அப்பா ஆறுச்சாமி, தென்னந்தோப்புக்காரரு. அம்மா சாந்தாமணி. பொண்ணு பேரு தாரணி. ஆறுச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில, மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டே இருந்தாரு. உக்காருங்கன்னு ரெண்டு வாட்டி சொன்ன பின்னாலதான் நுனியில உக்காந்தாரு.

"பொண்ணுக்குச் செடிகொடிப் படிப்பு வேணுமாமுங்க"ன்னாரு.

எனக்கு ஆச்சரியம். அதைக் கேட்டு வர்ற புள்ளை அத்தி பூத்தாப்புல. "ஏங் கண்ணு, இதை ஏன் எடுக்கோணும்னு தோணுச்சு?"ன்னு கேட்டேன்.

அவ அப்பா மொகத்தை ஒருக்காப் பாத்துப்போட்டுச் சொன்னா. "எங்க தோப்புல வேர் வாடல் வந்து மரம் மரமாச் சாகுதுங் மேடம். மட்டை மஞ்சளாகி, குரும்பை உதுந்து, அப்பறம் காயே புடிக்கறதில்லீங். உரம் வெச்சாச்சு, மருந்து ஊத்தியாச்சு. ஏன் சாகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியலீங். அக்ரிக்கு மார்க்கு பத்தலே. இதுல சேந்தாலாச்சும் தெரியுமான்னுதானுங்."

இத்தனை வருசத்துல வேலை கெடைக்குமான்னு கேட்ட புள்ளைக இருக்குது, பஸ் உண்டான்னு கேட்ட புள்ளைக இருக்குது. ஒரு மரம் ஏன் சாகுதுன்னு தெரிஞ்சுக்க வந்த புள்ளை இவ ஒருத்திதான்.

ஆறுச்சாமி சொன்னாரு: "எனக்கு இதுல இஷ்டமில்லீங் மேடம். செடியைப் பத்தித் தெரிஞ்சுக்க தோட்டத்துல நின்னாப் பத்தாதுங்களா? ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுப் புள்ளைகெல்லாம் பி.காம். படிச்சுப்போட்டு சரவணம்பட்டியில கம்பெனிக்குப் போகுதுங்க. இவ புடிச்ச புடியா நின்னா. செரி, சாமி சொல்லட்டும்னு கோயல்ல பூக் கேட்டனுங். வெள்ளைப்பூ வந்துபோடுச்சு. அதுக்கு மேல நாம பேச என்ன இருக்குதுங்?"

உங்கள்ல வெளியூர்க்காரங்க இருக்கீங்க, சொல்லிப்போடறேன். எங்க பக்கம் பெரிய காரியம்னா குலசாமிகிட்டப் பூக் கேப்பாங்க. ஒரு பொட்டலத்துல வெள்ளைப்பூ, இன்னொண்ணுல செவப்புப்பூ, வெளிய தெரியாமக் கட்டி சாமி முன்னால வெச்சுருவாங்க. சின்னக் கொழந்தை ஒண்ணை உட்டு எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தாச் சம்மதம், செவப்பு வந்தா வேண்டாம். சம்பந்தம் பேசறது, கெணறு வெட்டறது, தோட்டம் விக்கறது எல்லாம் அப்படித்தான். படிப்புக்கும் கேக்கறாங்க. சிரிக்காதீங்க தம்பி. பேனர்ல இருக்கற அத்தனை படிப்பைப் பாத்துப்போட்டு நாம சொல்ற யோசனையைவிட அது ஒண்ணும் மோசமில்லே.

"இது ஓடுமுங்களா மேடம்?"னு எந்திரிக்கறப்ப தாரணி கேட்டா. நான், "கண்டிசனா ஓடும் கண்ணு, பிரின்சிபாலே சொல்லியிருக்காரு"ன்னேன். இந்த எடத்தைத்தான் நீங்க கெட்டியாப் புடிச்சுக்கோணும். மேல இருக்கறவங்க குடுக்கற வாய்வாக்கை உங்க வாயில வாங்கி இன்னொருத்தருக்குக் குடுத்துப்போடாதீங்க. அவங்க மாத்திக்குவாங்க. கேட்டவங்களுக்கு உங்க மொகந்தான் நெனப்பு இருக்கும்.

வகுப்பு தொடங்குச்சு. கை விரல்ல எண்ணிரலாம் அத்தனை புள்ளைகதான். தாரணி மொத பெஞ்சு. ரெண்டாம் நாளே தோப்புல இருந்து மஞ்சளான மட்டையை ஒடிச்சுப் பையில கொண்டாந்து, நுண்ணோக்கியில வெச்சுப் பாக்கலாமான்னு கேட்டா. "இருங் கண்ணு, அதுக்கெல்லாம் காலம் இருக்குது, வரிசையாப் போவோம்"னேன்.

அடுத்த வாரம் காலேஜு நிர்வாகக் கமிட்டி கூடுச்சு. நானும் உக்காந்திருந்தேன். ஏ.சி. அறை, தட்டுல முந்திரிப் பக்கோடா, காப்பி. கரஸ்பாண்டெண்ட் ஒவ்வொரு படிப்பாப் படிச்சுக்கிட்டே வந்து, தாவரவியல் வந்ததும், "இதை இந்த வருசம் நிறுத்திக்கலாமுங்க. அந்த லேப்ல சைபர் செக்யூரிட்டிக்கு சிஸ்டம் போட்டுக்கலாம்"னாரு.

"சேந்த புள்ளைகளுக்கு என்னங்க பதில் சொல்றது?"ன்னேன்.

"பி.காம். ஐ.டி.ல எடம் இருக்குதுங்களே மேடம். சந்தோசமாப் போயிருவாங்க."

"என்ற வாயால ஓடும்னு வாக்குக் குடுத்துப்போட்டனுங்க. பிரின்சிபால் சார், நீங்களும் சொன்னீங்களே!"

பிரின்சிபால் காப்பி டம்ளரையே பாத்துக்கிட்டிருந்தாரு. கரஸ்பாண்டெண்ட் சிரிச்ச மொகமா, "கோவப்படாதீங் மேடம், பக்கோடா எடுத்துக்குங்க"ன்னு தட்டை என் பக்கம் நகத்துனாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. அடுத்த படிப்புக்குப் போயிட்டாங்க. எங்க படிப்பை மூடறதுக்கு ஒரு பக்கோடா திங்கற நேரங்கூட ஆகலே.

மத்த புள்ளைகெல்லாம் அவங்க சொன்னாப்புலயே மாறிக்கிட்டாங்க. ஒருத்தன் நெசமாவே சந்தோசப்பட்டான். தாரணி மட்டும் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தா. ஆறுச்சாமி சத்தம் போடலே. போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

"வேற படிப்புல சேத்தச் சொல்றீங்க, செரிங் மேடம். ஆனா சாமி செடிப் படிப்புக்குத்தானுங்களே உத்தரவு குடுத்துச்சு? கம்ப்யூட்டர் படிப்புக்கு நாங்க கேக்கவே இல்லீங்களே."

தாவரவியல் இருக்கற வேற காலேஜுக்கெல்லாம் போன் போட்டேன். பக்கத்துல இருக்கற ஒண்ணுல எடம் முடிஞ்சுபோச்சு. இன்னொண்ணு மலை மேல, ஆஸ்டல்ல தங்கோணும். "பொட்டப்புள்ளையை வெளிய தங்க வெக்க மாட்டனுங்"னு சொல்லிப்போட்டாரு. படிப்பு மாறிக்கறதுக்கு இருந்ததே ரெண்டு நாள்தான். கடைசியில, "அப்ப பி.காம்.க்கு மறுபடியும் பூக் கேளுங்க"ன்னு நானே சொன்னேன். நுண்ணோக்கியில செல்லைப் பாக்கச் சொல்லிக் குடுத்த வாயி, பூக் கேளுங்கன்னு சொல்லுச்சு. எப்படியாச்சும் புள்ளை ஒரு காலேஜுக்குள்ள இருந்தாப் போதும்னு ஆயிப்போச்சு எனக்கு. "நாளைக்கு வெள்ளிக்கெழமைதானுங், கேட்டுப்போடலாம்"னு அவரும் ஒத்துக்கிட்டாரு.

அவரு பிரின்சிபாலைப் பாக்கப் போன சமயம் தாரணி லேப்ல இருந்தா. ஆளுக வந்து அலமாரிகளை வெளிய இழுத்துக்கிட்டிருந்தாங்க. அவ ஒரு ஓரமா நின்னு அழுதுக்கிட்டிருந்தா.

"அழுகாத கண்ணு. இதோட ஒண்ணும் முடிஞ்சுபோகலே"ன்னு தோளைத் தொட்டேன்.

"நான் தப்புப் பண்ணிப்போட்டனுங் மேடம்."

"நீ என்ன பண்ணுனே?"

"மொதல்ல பூக் கேட்டப்ப, பூப் பறிச்சுப் பொட்டலம் கட்டச் சொல்லி எங்கிட்டத்தானுங் குடுத்தாங்க. ரெண்டுலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டிப்போட்டனுங். எடுக்காத பொட்டலத்தை ஆரும் பாக்கறதுக்குள்ள கெணத்துல போட்டுட்டேன். சாமியவே ஏமாத்துனனுங். அதுக்குத்தான் சாமி இந்தப் படிப்பையே மூடிப்போடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துபோச்சு. அடி கெட்டிக்காரின்னு கட்டிக்கலாம்னு இருந்துது. அவ மொகத்தைப் பாத்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. வெளையாட்டுக்குச் சொல்லலே அவ.

"இங்க பாரு கண்ணு, இதை மூடுனது கடவுள் இல்லே. கமிட்டி. பக்கோடா தின்னுக்கிட்டு மூடுனாங்க. நானே பக்கத்துல உக்காந்து பாத்தேன். உன்ற பூவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே."

"அவங்க மனசுல பூந்து அப்படிச் சொல்ல வெச்சது ஆருங் மேடம்?"

ஆறுச்சாமி செருப்புச் சத்தம் வராண்டாவுல கேட்டுது. நேரமில்லே. அவ காதுகிட்டக் குனிஞ்சு, "நாளைக்கும் ரெண்டுலயும் வெள்ளையவே வெய்யி. நாஞ் சொல்றேன், வெய்யி. பாவம் வந்தா என் தலைமேல வரட்டும்"னேன். அவ என்னைப் பாத்தா. மாட்டேன்னும் சொல்லலே, செரின்னும் சொல்லலே. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அப்பாகூடப் போயிட்டா.

சனிக்கெழமை காலையில ஆறுச்சாமி தனியா வந்தாரு. "செவப்பு வந்துபோடுச்சுங் மேடம்"னாரு. சான்றிதழெல்லாம் திருப்பிக் கேட்டாரு.

நான் சண்டை போட்டேன். "ஏனுங்க, ஒரு பூவுக்காகப் புள்ளை படிப்பை நிறுத்துவீங்களா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க"ன்னேன். அவரு கும்பிட்டாரு. "நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இது வெளையாட்டாத் தெரியுமுங். நீங்களுந்தானுங்களே ஓடும்னு சொன்னீங்க? மனுசங்க சொன்னது ஓடலே. நான் வேற ஆரைங்க நம்பறது?"ன்னாரு. அதுல கோவமே இல்லீங்க. மெய்யாவே கேட்டாரு. மொதல்ல வந்த வெள்ளையே உங்க மக வேலைதான்னு சொல்லிப்போடலாமான்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துது. சொல்லியிருந்தா? படிப்பும் போயி, அப்பன் மொகத்துலயும் முழிக்க முடியாமப் போயிருப்பா. முழுங்கிப்போட்டேன். அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு நீங்களே ரோசிச்சுக்குங்க. நான் பண்ணுனது செரியான்னு எனக்கே இன்னும் தெரியலே.

தை மாசம் தொண்டாமுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மனசு கேக்காம அவங்க தோட்டத்துக்கும் போனேன். பாதித் தோப்பு வெட்ட வெளியா இருந்துது. ஆறுச்சாமி, "வாங் மேடம், வாங்"னு ஓடி வந்தாரு. ஒரு வருத்தமும் வெச்சுக்கலே. எளநீ வெட்டறேன்னு தோப்புக்குள்ள அக்கட்டாலக் காய்க்கற மரத்தைத் தேடிக்கிட்டுப் போனாரு. சாந்தாமணி, பொண்ணுக்கு ஜாதகம் எடுத்தாச்சு, பல்லடம் பக்கம் ஒரு எடம் வந்திருக்குதுன்னு சொல்லிப்போட்டுக் காப்பி போட ஊட்டுக்குள்ள போனா.

தாரணி எனக்கு நாற்காலி கொண்டாந்து போட்டா. "அன்னிக்கு நாஞ் சொன்னாப்புல நீ வெக்கலியா கண்ணு? ஒரு வெள்ளை, ஒரு செவப்புன்னு நேரா வெச்சுட்டியா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"இல்லீங் மேடம்"னா. "ரெண்டுலயும் செவப்பு வெச்சுக் கட்டுனனுங்."

எனக்குப் புரியலே. "ஏன் கண்ணு?"

"மொதல்ல திருட்டுத்தனமா ஒரு வெள்ளைப்பூ வாங்கிப்போட்டனுங்களே. அதைத் திருப்பிக் குடுக்கோணுமல்லங். நான் காலேஜு போகலே, மரத்தையாச்சும் உட்டுருன்னு வேண்டிக்கிட்டனுங்."

எனக்கு அழுகை வந்துபோச்சு. அந்த நோவு தெள்ளுப்பூச்சி மாதிரிச் சின்னப் பூச்சிக மூலமா மரத்துக்கு மரம் பரவற கிருமி நோவு. எங்க படிப்பு ஓடியிருந்தா மூணாம் வருசத்துல படிச்சிருப்பா. சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லே, அவளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லே. அங்கயே மர நெழல்ல உக்காந்து எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னேன். வரைஞ்சுகூடக் காட்டுனேன். அவ மரியாதையாக் கேட்டுக்கிட்டா. "அப்படிங்களா மேடம்"னா. நம்பலே. நான் ஏற்கெனவே ஒண்ணு சொல்லி அது நடக்காமப் போனவ, என்னை எப்படி நம்புவா? அப்பறம் எந்திரிச்சு, தோப்புக்குள்ள ஒரு மரத்தைக் காட்டி, "அது மட்டும் கொஞ்சம் பச்சை கட்டுனாப்புல தெரியுதுங்களா மேடம்?"னு கேட்டா. பச்சை கட்டலே. ஆமாங் கண்ணுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

இதுதானுங்க கதை. தெகிரியம் சொல்லக் கூப்பிட்டாங்க, நான் இதைச் சொல்லிப்போட்டேன். உள்ளுக்கு வர்றப்ப வாசல்ல இந்த வருசத்துப் பேனரைப் பாத்தேன். மடிப்பை இழுத்துப் பாத்தேன். கடைசி வரியில தாவரவியல் இருக்குது.

அதைக் கேட்டுக்கிட்டு ஒரு புள்ளை வரும். நெறைய வராது, ஒண்ணு வரும். எந்திரிக்கறப்ப, "இது ஓடுமுங்களா?"ன்னு கேக்கும். உங்க வேலையெல்லாம் ஒரு வருச ஒப்பந்தம்னு எனக்குத் தெரியும். ஓடாதுன்னு உள்ளதைச் சொன்னா மேல இருந்து கூப்பிடுவாங்க, அடுத்த வருசம் நீங்க இங்க இருக்க மாட்டீங்க. ஓடும்னு சொன்னா உங்களை ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்தப் புள்ளைதான் ஊட்டுல உக்காந்து, எங்க தப்பாச்சு, ஆரு பண்ணுன தப்புன்னு தேடிக்கிட்டே இருக்கும். கமிட்டி அதோட கண்ணுக்குத் தெரியாது, நீங்களும் நானும் தெரிய மாட்டோம். தேடித் தேடி, கடைசியில தன் மேலயே போட்டுக்கும்.